தம்மூசுக்காக அழுத பெண்கள்

எருசலேம் ஆலயத்தின் வடக்கு வாசல். பெண்கள் சிலர் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார்கள். செத்தவன் அவர்கள் வீட்டு ஆள் இல்லை. தம்மூஸ் என்ற தெய்வம். எசேக்கியேல் தீர்க்கதரிசி தமக்குக் கிடைத்த ஒரு தரிசனத்தில் இந்தக் காட்சியைக் கண்டதாக அவருடைய நூலின் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. காலம் கி.மு. 592ஐ ஒட்டியது. அப்போது அவர் எருசலேமில் இல்லை. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களில் ஒருவராகப் பாபிலோனிய மண்ணில், கேபார் கால்வாயின் கரையில் இருந்தார். அந்த அழுகை அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்.

அந்த ஒற்றை வசனத்துக்குப் பின்னால் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கண்ணீர் இருக்கிறது. தம்மூஸ் என்பவன் சுமேரியரின் துமுசி. ஆட்டிடையன், இனன்னா தேவியின் கணவன். பாதாளத்துக்குப் போன இனன்னா மீண்டு வரவேண்டுமானால் தனக்குப் பதிலாக ஓர் உயிரைக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்தவள், தனக்காகத் துக்கம் காக்காமல் நல்ல உடை உடுத்திச் சிம்மாசனத்தில் அமர்ந்திருந்த துமுசியைப் பார்க்கிறாள். அவனையே பிடித்துக்கொடுத்துவிடுகிறாள். அவன் தங்கை கெஷ்தினன்னா மனம் பொறாமல் ஆண்டில் பாதி நாள் அவனுக்காகப் பாதாளத்தில் இருக்க முன்வருகிறாள். தெற்கு ஈராக்கில் கோடை வந்து புல் கருகி, மந்தையில் பால் வற்றும்போது பெண்கள் துமுசியை நினைத்து ஒப்பாரி வைத்தார்கள். சுமேரிய மொழிக்குள்ளேயே எமெசல் என்றொரு தனி வழக்கு இருந்தது. இலக்கியத்தில் தேவியர் பேசுவதும், புலம்பல் பாடுவோர் பாடுவதும் அதில்தான்.

சுமேரியம் பேச்சுமொழியாக வழக்கொழிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் அந்த இடையனுக்காக எருசலேமில் பெண்கள் அழுதார்கள் என்றால், சுமேரியச் சமயத்துக்கும் விவிலியத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு விவிலியமே ஒரு பதிலை வைத்திருக்கிறது. அதைவிடக் கடினமான கேள்வி வேறு. வந்து சேர்ந்த கதைகளை எபிரேயர் என்ன செய்தார்கள்?

வந்து சேர்ந்த வழிகளில் எல்லாரும் முதலில் சொல்வது பாபிலோனியச் சிறையிருப்பு. அதற்குக் களிமண்ணிலேயே சான்று உண்டு. பாபிலோன் அரண்மனையில் அகழ்ந்தெடுத்த பங்கீட்டுக் கணக்குகளில், யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்த குறிப்பு இருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வைட்னர் 1939இல் அதை வெளியிட்டார். நிப்பூருக்குப் பக்கத்தில் 'யூதா ஊர்' என்ற பெயரிலேயே ஒரு குடியிருப்பு இருந்ததையும், அங்கே யூதர்கள் நிலம் உழுது, வரி கட்டி, கடன் பத்திரம் எழுதி வாழ்ந்ததையும் காட்டும் பலகைகள் 2014இல் அச்சாயின. எசேக்கியேலின் கேபார் கால்வாயின் பெயரும் நிப்பூர்ப் பலகைகளில் வருகிறது. நிப்பூர் எது? சுமேரியரின் தலைமைத் தெய்வம் என்லிலின் கோயில் நகரம். தீர்க்கதரிசி தரிசனம் கண்டது சுமேரின் புனித நகருக்கு அருகில்.

ஆனால் எல்லாவற்றையும் சிறையிருப்பின் கணக்கில் எழுதுவது சரியில்லை. கில்கமெஷ் காவியத்தின் ஒரு துண்டு மெகிதோவில், இஸ்ரவேல் மண்ணிலேயே, 1950களில் கிடைத்தது. அது கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சிரியக் கடற்கரையின் உகாரித்தில் வெள்ளக் கதையின் ஒரு பலகை கிடைத்திருக்கிறது. அது 13ஆம் நூற்றாண்டு. அந்தக் காலத்தில் எகிப்து முதல் அனத்தோலியா வரை எழுத்தர் பள்ளிகளில் ஆப்பெழுத்தும் அக்காடிய மொழியும் பாடமாக இருந்தன. ஒரு பையன் எழுதப் பழகினால் கில்கமெஷையும் சேர்த்தே பழகினான். ஆகவே எபிரேய மொழியில் ஒரு வரி எழுதப்படுவதற்கு முன்பே இந்தக் கதைகள் கானான் நாட்டில் உலவிக்கொண்டிருந்தன.

வெள்ளக் கதையைத்தான் உலகம் முதலில் கண்டுகொண்டது. ஜார்ஜ் ஸ்மித் லண்டனில் பணநோட்டுக்கு அச்சுத்தகடு செதுக்கும் தொழில் பழகியவர். உணவு இடைவேளைகளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ப்போய் ஆப்பெழுத்தைக் கற்றுக்கொண்டார். நினிவேயின் அசூர்பனிபால் நூலகத்திலிருந்து வந்த உடைந்த பலகை ஒன்றில், மலையில் தட்டிநின்ற கப்பலையும், அதிலிருந்து வெளியே விடப்பட்ட புறாவையும் படித்தார். 1872 டிசம்பர் 3 அன்று விவிலியத் தொல்லியல் கழகத்தின் கூட்டத்தில் அதை அவர் வாசித்தபோது பிரதமர் கிளாட்ஸ்டன் நேரில் வந்து கேட்டார். நான்கே ஆண்டுகளில், 36 வயதில், மீண்டும் அகழ்வுக்குப் போன பயணத்தில் நோயுற்று அலெப்போவில் இறந்துபோனார்.

ஸ்மித் படித்தது கி.மு. 7ஆம் நூற்றாண்டுப் படி. அதைவிட மிகப் பழைய அத்ரஹாசிஸ் காவியத்தின் படிகள் கி.மு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1914இல் ஆர்னோ போபல் நிப்பூரில் கிடைத்த சுமேரிய மொழிப் பலகையையே வெளியிட்டார். அதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. கதைத்தலைவன் பெயர் சியுசுத்ரா. ஏழு பகல் ஏழு இரவு வெள்ளம். பிறகு சூரியதேவன் ஊத்து வெளிப்படுகிறான். சியுசுத்ரா விழுந்து வணங்கிப் பலியிடுகிறான். தில்முன் நாட்டில் அவனுக்கு நிலைத்த வாழ்வு கிடைக்கிறது.

நோவாவின் கதையோடு ஒப்பிட்டால் ஒற்றுமை மேலோட்டமானது இல்லை. ஒருவனுக்கு மட்டும் எச்சரிக்கை, அளவு சொல்லிக் கட்டிய கப்பல், உயிரினங்கள், மலை, பறவைகள், பலி என்று வரிசை கூட ஒத்துவருகிறது. பலியின் வாசனையைத் தெய்வம் முகர்வது வரைக்கும். ஒரு சிறு சொல்லும் சாட்சி சொல்கிறது. பேழைக்குப் பூசிய கீலுக்கு ஆதியாகமம் 'கோஃபெர்' என்கிறது. எபிரேய விவிலியத்தில் இந்தப் பொருளில் அந்தச் சொல் வேறெங்கும் இல்லை. அக்காடிய வெள்ளக் கதையில் கப்பலுக்குப் பூசியது 'குப்ரு'. இரண்டும் ஒரே வேர்ச்சொல்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கெல் படித்து 2014இல் நூலாக எழுதிய சின்னப் பலகை ஒன்று, அந்தக் கப்பல் வட்ட வடிவம் என்கிறது. கயிற்றைச் சுருட்டிச் சுருட்டித் தைத்து, கீல் பூசிய ஏறத்தாழ 70 மீட்டர் விட்டமுள்ள பரிசல். ஒகேனக்கலில் பரிசல் ஏறியவர்கள் அந்த வடிவத்தை உடனே மனத்தில் காணலாம். பலகையின் செய்முறைப்படி அதைச் சிறிய அளவில் கட்டிப் பார்த்ததும் கேரளத்தின் காயலோரத்தில்தான்.

கதை ஒன்றே என்பதில் ஐயமில்லை. காரணம்தான் வேறு. அத்ரஹாசிஸில் மனிதர்கள் பெருகி எழுப்பும் இரைச்சலில் என்லிலுக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் நோயை அனுப்புகிறான், பிறகு பஞ்சத்தை, கடைசியில் வெள்ளத்தை. மனிதர் அழிந்ததும் படையல் இல்லாமல் தெய்வங்கள் பசியால் வாடுகின்றன. தப்பியவன் பலியிட்டதும் ஈக்களைப் போல வந்து மொய்க்கின்றன. வெள்ளத்துக்குப் பிறகு ஓர் உடன்பாடு ஏற்படுகிறது: இனி மக்கள்தொகை கட்டுக்குள் இருக்கும், சில பெண்களுக்குப் பிள்ளை பிறக்காது, மடியிலிருந்து குழந்தையைப் பறிக்கும் பேய் ஒன்று இருக்கும், பூசைப் பெண்களில் சிலர் பிள்ளை பெறலாகாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தச் சமயம் வைத்திருந்த விளக்கம் இது. கொடியதுதான். ஆனாலும் அவள்மேல் குற்றம் சுமத்தாத விளக்கம்.

ஆதியாகமம் இதைத் தலைகீழாக்குகிறது. வெள்ளம் வருவது பூமியில் கொடுமை நிறைந்ததால். கடவுளுக்குப் பசியில்லை, தூக்கம் கெடவுமில்லை. வெள்ளம் வடிந்து நோவா வெளியே வந்ததும் அவர் சொல்லும் முதல் கட்டளை, பலுகிப் பெருகுங்கள் என்பது. பழைய கதையின் முடிவைத் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றே எழுதிய மறுப்பாகவே இதைப் படிக்கத் தோன்றுகிறது. அங்கே மனிதர் பெருகுவதே தெய்வங்களுக்குத் தொல்லை. இங்கே அதுவே ஆசீர்வாதம்.

வெள்ளத்துக்கு முந்திய அரசர் பட்டியலிலும் இதே கைவேலை தெரிகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்திலுள்ள களிமண் பட்டகத்தின்படி எட்டு அரசர் 2,41,200 ஆண்டுகள் ஆண்டார்கள். துமுசிக்கு மட்டும் 36,000 ஆண்டு. விவிலியத்தில் ஆதாம் தொடங்கி நோவா வரை பத்துத் தலைமுறை. மிக நீண்ட ஆயுள் மெத்தூசலாவுக்கு, 969. ஒருவரும் ஆயிரத்தைத் தொடவில்லை. அரசர்களும் இல்லை, பெற்றுப் பிழைத்துச் செத்த தகப்பன்மார். சில மெசொப்பொத்தேமியப் பட்டியல்களில் ஏழாவதாக வரும் என்மெதுரன்கி, சூரியதேவனின் நகரான சிப்பாரின் அரசன். தெய்வங்களின் அவைக்கு அழைக்கப்பட்டுக் குறி பார்க்கும் கலையைக் கற்றவன். ஆதாமிலிருந்து ஏழாவதாக வரும் ஏனோக்கு 365 ஆண்டுகள் வாழ்ந்து கடவுளோடு சஞ்சரித்தார். சூரியன் ஓராண்டு எண்ணிக்கையில் மட்டும் மிஞ்சியது. குறிகலை கழன்று போனது.

சொற்களில் மிகவும் உறுதியான கடன் ஒன்று உண்டு. சுமேரியத்தில் 'எ' என்றால் வீடு, 'கல்' என்றால் பெரிய. 'எகல்' பெரிய வீடு, அதாவது அரண்மனை. அக்காடியத்தில் அது 'எகல்லு' ஆயிற்று, எபிரேயத்தில் 'ஹேகால்'. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் பெருங்கூடத்துக்கும், ஆகாப் அரசனின் அரண்மனைக்கும் விவிலியத்தில் இந்த ஒரே சொல். கோ இருந்த இல் கோயிலாகி, அரண்மனையையும் ஆலயத்தையும் ஒருசேரக் குறித்த தமிழுக்கு இந்த நடப்பு அந்நியமில்லை.

இப்படித் தேறும் ஒப்புமைகள் பக்கத்தில் தேறாதவையும் குவிந்துகிடக்கின்றன. ஏதேன் தோட்டத்தின் பெயர் 'எதின்' என்ற சுமேரியச் சொல்லிலிருந்து வந்ததாக நெடுநாள் நம்பினார்கள். எதின் என்றால் புல்வெளி, பொட்டல். ஆறு பாயும் தோட்டத்துக்கு அது பொருந்தவில்லையே என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. 1979இல் சிரியாவின் தெல் ஃபெகெரியேயில் கிடைத்த ஒரு சிலையின் இருமொழிக் கல்வெட்டில், நிலத்தைச் செழிக்கச் செய்வது என்ற பொருளில் அரமேய வேர்ச்சொல் ஒன்று வந்தது. ஏதேன் என்றால் செழிப்பு என்பதே இப்போது பலருக்கும் ஏற்பாக இருக்கிறது. சுமேரியக் கடன் என்ற கதை அதோடு மெலிந்துவிட்டது.

ஆதாமின் விலா எலும்புக் கதை இன்னும் கவர்ச்சியானது. என்கி தெய்வம் எட்டுச் செடிகளைத் தின்று எட்டு உறுப்புகளில் நோய்ப்படுகிறான். ஒவ்வோர் உறுப்பையும் குணமாக்க நின்ஹுர்சக் ஒரு தெய்வத்தைப் பிறப்பிக்கிறாள். விலாவுக்கு நின்தி. சுமேரியத்தில் 'தி' என்றால் விலா. உயிர்வாழ்வு என்றும் பொருள். ஆகவே நின்தி 'விலாவின் அம்மை', 'உயிர்தரும் அம்மை' இரண்டும் ஆகிறாள். ஏவாளின் பெயரும் உயிரோடு தொடர்புடையது. அவள் வந்ததும் விலாவிலிருந்து. எபிரேயத்தில் இந்தச் சிலேடை இல்லை. சுமேரியத்தில்தான் இருக்கிறது என்று சாமுவேல் நோவா கிரேமர் காட்டினார். சுமேரிய இலக்கியத்தை மீட்டெடுப்பதில் அவருக்கு இணையாக உழைத்தவர் அரிது. ஆனாலும் இடையில் அந்தக் கதையைச் சுமந்துவந்த அக்காடியப் பலகை ஒன்று கூடக் கையில் இல்லை. அழகான ஊகம் என்ற அளவிலேயே அதை வைத்திருப்பது நேர்மை.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சொல் தேவைப்படுகிறது. ஆபிரகாம் புறப்பட்ட 'ஊர்' என்னும் பட்டணம் தமிழ் ஊரேதான் என்று மேடைகளில் கேட்டிருப்போம். அந்த நகரத்தார் சுமேரியத்தில் தங்கள் நகரை 'உரிம்' என்றே அழைத்தார்கள். ஒலி ஒத்தால் உறவு என்று கொள்ளத் தொடங்கினால் உலகத்தில் எந்த மொழியும் எந்த மொழிக்கும் உறவாகிவிடும். ஒப்புமைகளைக் குவித்துக்கொண்டே போகும் இந்த வேகத்தை யூத அறிஞர் சாமுவேல் சான்ட்மெல் 1962இல் அச்சான தம் உரையில் 'ஒப்புமை வெறி' என்று பெயரிட்டுக் கண்டித்தார்.

வெறி வேறொரு பக்கமும் திரும்பியது. 1902 ஜனவரியில் பெர்லினில், பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முன்னிலையில், அசிரியவியல் பேராசிரியர் ஃபிரீட்ரிக் டெலிட்ச் 'பாபேலும் பைபிளும்' என்று ஓர் உரை நிகழ்த்தினார். விவிலியத்தின் பழங்கதைகளுக்கு ஊற்று பாபிலோன் என்பது வாதம். நாடே இரண்டுபட்டது. முதலில் அது அறிவுத்துறை வழக்காகவே இருந்தது. இருபது ஆண்டு கழிவதற்குள் 'பெரும் ஏமாற்று' என்ற தலைப்பில் பழைய ஏற்பாட்டையே கிறிஸ்தவம் தள்ளிவிட வேண்டும் என்று அவர் நூல் எழுதினார். கடன் வாங்கியவர்கள் என்ற கூற்று, யூதர்களை இழிவுபடுத்தும் ஆயுதமாகிவிட்டது. கடன் வாங்கியது கூடாத செயல் என்ற எண்ணத்தில்தான் பிழை. எந்த மக்களும் கதையை வெறும் கையால் படைத்ததில்லை.

இனி, இந்தத் தொடர்பில் எல்லாவற்றையும்விட ஆழமானதாகத் தோன்றுவதற்கு வரலாம்: புலம்பல்.

கி.மு. 2004ஐ ஒட்டி, ஊர் நகரம் ஏலாமியரிடம் வீழ்ந்தது. அரசன் இப்பி-சின் சிறைப்பட்டுப் போனான். அடுத்துவந்த தலைமுறைகளில் சுமேரியக் கவிகள் நகரப் புலம்பல்களை எழுதினார்கள். ஊரைப் பற்றிய புலம்பல் 400 வரிகளுக்கு மேல். தொடக்கத்தில் தெய்வங்கள் ஒவ்வொருவராகத் தத்தம் நகரை, மந்தையைப் பட்டியில் விட்டுப்போகும் இடையரைப் போல, விட்டு நீங்குகிறார்கள். பிறகு நகரின் தேவி நின்கல், வானதெய்வம் அனிடமும் என்லிலிடமும் போய்க் கண்ணீர் விட்டுக் கெஞ்சுகிறாள். என் நகரை அழிக்காதீர்கள் என்கிறாள். அவர்கள் மனம் மாறவில்லை. புயல் வருகிறது. தெருவெல்லாம் பிணம். அழிந்த வீட்டின் தலைவியாக அவள் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு அழுகிறாள்.

நகரம் செய்த குற்றம் என்ன? புலம்பல் எதையும் சொல்வதில்லை. சுமேரையும் ஊரையும் பற்றிய இன்னொரு புலம்பலில் என்லில் தன் மகனுக்குச் சொல்லும் பதில், ஊருக்கு அரசாட்சி கொடுக்கப்பட்டது, நிலையான அரசாட்சி கொடுக்கப்படவில்லை என்பதே. முறை முடிந்தது, அவ்வளவுதான்.

எசேக்கியேலின் தரிசனத்துக்குத் திரும்பிப் போனால் உடல் சிலிர்க்கிறது. தம்மூசுக்காக அழும் பெண்களைக் கண்ட அதே தரிசனத்தில்தான், கடவுளின் மகிமை ஆலயத்திலிருந்து எழுந்து, வாசற்படிக்கு வந்து, கிழக்கு வாசலில் நின்று, நகரை விட்டு நீங்கி மலைமேல் போய் நிற்பதையும் அவர் காண்கிறார். நகரம் அழிவதற்கு முன் தெய்வம் வெளியேறும் என்ற சுமேரியப் புலம்பலின் காட்சி அது. அதை என்லிலின் நகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எருசலேமைப் பற்றி அவர் எழுதுகிறார். ஆனால் அவருடைய கடவுள் காரணத்தோடு போகிறார். அங்கே நடக்கும் வழிபாடுகள், நாட்டில் நிறைந்த கொடுமை எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டப்பட்ட பிறகுதான் அந்த வெளியேற்றம்.

கி.மு. 586இல் எருசலேம் எரிந்தது. விவிலியத்தின் புலம்பல் நூல் ஐந்து கவிதைகள்; அவற்றில் முதல் நான்கும் எபிரேயத்தின் 22 எழுத்து வரிசையில் அமைந்தவை. பேரழிவின் நடுவில் ஒரு கவி அகரவரிசையைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். சுமேரில் அழுவதற்கு நின்கல் இருந்தாள். ஒரே கடவுளை வணங்கும் சமயத்தில் அழ ஒரு தேவி கிடையாது. அந்த இடத்தில் நகரமே பெண்ணாகிறது. சீயோன் குமாரத்தி விதவையாக இராத்திரியில் அழுகிறாள், தேற்றுவாரில்லை. நின்கலின் கண்ணீர் எருசலேமின் கன்னத்தில் வழிகிறது என்று சொன்னால் மிகையாகாது. இந்த வழிமரபை எஃப். டபிள்யூ. டாப்ஸ்-ஆல்சாப் 1993இல் வெளிவந்த ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

இங்கேதான் சமயக் கேள்வி கனக்கிறது. காரணமில்லாத அழிவு தாங்க முடியாதது. எபிரேயர் அழிவுக்கு நீதியைக் காரணமாக்கினார்கள். அதனால் கடவுள் நம்பத்தக்கவர் ஆனார். மனிதனின் செயலுக்கும் எடை வந்தது. ஆனால் அந்த விளக்கம் செத்துக்கிடக்கும் குழந்தையின் முன்னும் அதே குரலில் பேசியாக வேண்டும். புலம்பல் நூல் அதை உணர்ந்திருக்கிறது. பாவம் செய்தோம் என்று ஒப்புக்கொள்ளும் அதே கவி, தாய்மார் தம் பிள்ளைகளைத் தின்னவும் வேண்டுமா, யாருக்கு இதைச் செய்தீர் பாரும் என்ற பொருளில் கடவுளிடமே நேருக்கு நேராகக் கேட்கிறார். தகப்பன்மார் செய்த பாவத்தை நாங்கள் சுமக்கிறோமே என்று ஐந்தாம் கவிதை முறையிடுகிறது. பிள்ளை தகப்பனின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் தம் பதினெட்டாம் அதிகாரத்தில் வாதாடுகிறார். குற்றமே செய்யாத யோபு தனியாக ஒரு நூல் முழுக்க வழக்காடுகிறான். நீதியுள்ள கடவுள் என்ற ஒன்றைச் சொல்லிவிட்டதால் எழுந்த வழக்குகள் இவை. தூக்கம் கெட்ட என்லிலிடம் யாரும் நியாயம் கேட்க முடியாது.

சுமேரிய விளக்கத்திலும் ஓர் இரக்கம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஊர் நகரத்து மக்களைப் பார்த்து, உங்கள் பாவத்தால்தான் இது என்று அந்தக் கவி சொல்லவில்லை. அவர்களோடு உட்கார்ந்து அழ ஒரு தேவியைக் கொடுத்தார். எருசலேமின் வடக்கு வாசலில் இருந்த பெண்கள் தேடியதும் ஒருவேளை அதுதான். எசேக்கியேல் அவர்களிடம் காரணம் கேட்கவில்லை.

தீர்க்கதரிசி வெறுத்த பெயர் மட்டும் போகவில்லை. மாதங்களின் பெயர்கள் பாபிலோனிலிருந்து எங்களோடு வந்தவை என்று எருசலேம் தல்மூத் வெளிப்படையாகச் சொல்கிறது. யூத நாட்காட்டியின் நான்காம் மாதத்துக்கு இன்றும் தம்மூஸ் என்று பெயர். ஈராக்கிலும் சிரியாவிலும் அரபியில் ஜூலையும் தம்மூஸ்தான். எருசலேமின் மதில் உடைந்தது நான்காம் மாதத்தில். அதன் நினைவாகத் தம்மூஸ் 17ஆம் நாள் யூதர்கள் நோன்பிருக்கிறார்கள். அன்று தொடங்கும் துக்கம் மூன்று வாரம் நீள்கிறது. அந்த நாள்களில் திருமணம் வைப்பதில்லை. அதன் முடிவில், ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் தொடங்கும் இரவில் ஜெபக்கூடத்தில் விளக்குகளைக் குறைத்து, செருப்பைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து புலம்பல் நூலை முதல் வரியிலிருந்து வாசிக்கிறார்கள்.